படிக்கிற பெட்டி, கெடுக்கிற பெட்டி

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை ஓய்வாக இருக்கும்போது படியுங்கள். இதன் கடைசியில் ஒருவரிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. அதற்கு முன் ஒரு வரலாற்றைச் சொன்னால்தான் விஷயம் புரியும்.

போன மாதம் பரணைச் சுத்தம் செய்தோம். பழைய பித்தளைக் குண்டாவுக்குப் பின்னால் ஒரு மடிக்கணினி கிடந்தது. என் தம்பி மகள் 2012-ல் பள்ளியில் வாங்கிய அரசு மடிக்கணினி. அரசு முத்திரை அழியாமல் இருந்தது. பேட்டரி செத்துவிட்டது. பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடலாம் என்று திண்ணையில் எடுத்து வைத்தேன்.

அன்று மாலை என்னைப் பார்க்க ஒரு பழைய மாணவர் வந்தார். ஓமலூரிலேயே செல்போன் சர்வீஸ் கடை வைத்திருப்பவர். "சார், இதப் போயி எடைக்குப் போடறீங்களா? குடுங்க, பையனுக்கு டிவி கேம் ஆக்கித் தரேன்" என்று எடுத்துக்கொண்டு போனார். இரண்டு நாள் கழித்துக் கொண்டுவந்து டிவியில் இணைத்தார். மேரியோ ஓடியது. கான்ட்ரா ஓடியது. என் பேரன் துள்ளிக் குதித்தான். பிறகு என்னிடம் கேட்டான்: "தாத்தா, இது படிக்கறதுக்குக் குடுத்த லேப்டாப்புதான? இப்ப கேம் ஆயிருச்சே. அப்ப இது படிக்கிற பெட்டியா, வெளையாடற பெட்டியா?"

முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்த எனக்குப் பதில் வரவில்லை. அதன் பிறகு ஒரு மாதமாகப் படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

கதை 1975-ல் தொடங்குகிறது. அமெரிக்காவில் மாஸ் டெக்னாலஜி என்ற நிறுவனத்தில் சக் பெடில் என்பவரின் குழு ஒரு சில்லு செய்தது. அதன் பெயர் 6502. அந்தக் காலத்தில் இதுபோன்ற சில்லுகள் இதைவிடப் பல மடங்கு விலை. இவர்கள் 25 டாலருக்குக் கொடுத்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் நடந்த மின்னணுக் கண்காட்சி அரங்கில் விற்க அனுமதி இல்லாததால், பக்கத்து ஓட்டலில் அறை எடுத்து, ஊறுகாய் மாதிரி கண்ணாடி ஜாடியில் போட்டு வைத்து விற்றார்கள். அப்போது அதை வாங்கியவர்களில் ஒருவர் ஸ்டீவ் வோஸ்னியாக். அதை வைத்துத்தான் அவர் முதல் ஆப்பிள் கணினியைச் செய்தார். விலை குறைந்ததால்தான் கணினி வீட்டுக்குள் வந்தது.

அந்த 6502 இரண்டு வழியாக நம் நாட்டுக்கு வந்தது. ஒன்று முன்வாசல். இன்னொன்று கொல்லைப்புறம்.

முன்வாசல் கதை இது. இங்கிலாந்தில் பி.பி.சி. நிறுவனம் மக்களுக்குக் கணினி கற்றுக்கொடுக்கத் தொலைக்காட்சியில் பாடம் நடத்தியது. அதற்காக ஏக்கார்ன் நிறுவனம் 1981-ல் செய்து கொடுத்த கணினிதான் பி.பி.சி. மைக்ரோ. அதன் மூளை 6502. நம் மத்திய அரசு 1984-ல் 'கிளாஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கி, முதற்கட்டமாக நாடு முழுவதும் 250 பள்ளிகளில் கணினியை வைத்தது. வைத்தது இந்த பி.பி.சி. மைக்ரோவைத்தான். அது படிக்கிற பெட்டி. பூட்டிய அறைக்குள் துணி போர்த்தி வைத்திருப்பார்கள். பின்னாளில் எங்கள் பள்ளிக்கு வேறு கணினிகள் வந்தபோதும் அதே பழக்கம்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் போவது போலப் போவோம். தொட்டால் கெட்டுவிடும் என்ற பயத்திலேயே பல பிள்ளைகள் தொடாமலே பள்ளியை முடித்தார்கள்.

கொல்லைப்புறக் கதை ஜப்பானில் தொடங்குகிறது. நிண்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலையில் ஃபேமிகாம் என்ற விளையாட்டுப் பெட்டியை வெளியிட்டது. வடிவமைத்தவர் மசாயுகி உயெமுரா. வெள்ளையும் சிவப்புமான பெட்டி. அதன் மூளையாக ரிக்கோ நிறுவனம் செய்து கொடுத்த சில்லுக்குள் இருந்ததும் அதே 6502 தான், சிறு மாறுதலோடு. உலகம் முழுவதும் 6 கோடிக்கும் மேல் விற்றது. தைவானில் யு.எம்.சி. போன்ற நிறுவனங்கள் அந்தச் சில்லுகளைப் பார்த்து அதே மாதிரி செய்தன. அவற்றை வைத்து எத்தனையோ பேர் நகல் பெட்டிகள் செய்து உலகமெல்லாம் அனுப்பினார்கள். 1991-க்குப் பிறகு நம் ஊர்ப் பக்கம் வந்தவை பெரும்பாலும் அந்த நகல்கள்தான். அசல் ஃபேமிகாமை நான் என் கண்ணால் பார்த்ததே இல்லை.

உங்களில் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சாலிடேர், டயனோரா டிவிக்குப் பின்னால் ஆன்டெனா வயரைப் பிடுங்கிவிட்டு இதைச் சொருகுவீர்கள். சேனலைத் திருகித் திருகிப் படம் வரும் இடத்தைப் பிடிப்பீர்கள். 'கேசட்' ஓடாவிட்டால் வாயால் ஊதித் திரும்பப் போடுவீர்கள். (ஊதியதால் அது ஓடவில்லை. கழற்றித் திரும்பப் போட்டதில் தொடர்பு சரியாகி ஓடியது. எச்சில் ஈரம் பட்டால் தகடு துருப்பிடிக்கத்தான் செய்யும்.) 'ஒன்றில் 9999' என்று அச்சடித்த கேசட்டில் உண்மையில் பத்துப் பதினைந்து ஆட்டங்களே திரும்பத் திரும்ப வரும். வாத்துச் சுடும் துப்பாக்கி ஞாபகம் இருக்கிறதா? விசையை அழுத்தும் நொடியில் திரை கறுப்பாகி, வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளையாகும். அந்த வெளிச்சம் துப்பாக்கிக் குழலுக்குள் விழுந்தால் வாத்து விழும். பழைய குண்டு டிவிக்கு என்று செய்த ஏற்பாடு அது. இன்றைய தட்டை டிவியில் படம் சற்றுத் தாமதமாக வருவதால் அந்தத் துப்பாக்கி வேலை செய்யாது. பேரனிடம் இதைச் சொன்னபோது அவனுக்கு ரொம்ப வருத்தம்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பி.பி.சி. மைக்ரோவின் சில்லு நொடிக்கு 20 லட்சம் துடிப்பு. ஃபேமிகாமின் சில்லு நொடிக்குச் சுமார் 18 லட்சம் துடிப்பு. இரண்டும் ஒரே குடும்பம். அக்கா தங்கை மாதிரி. அக்காவுக்குத் துணி போர்த்திப் பூட்டி வைத்தோம். தங்கையை வீட்டை விட்டுத் துரத்தினோம்.

துரத்தியவர்களில் நான் முதல் ஆள்.

1996 அல்லது 97 என்று நினைக்கிறேன். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடை. மூன்று டிவி, மூன்று பெட்டி. மணிக்கு இவ்வளவு என்று காசு. மத்தியானத்துக்கு மேல் வகுப்பில் ஆள் குறைந்தால் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராக அங்கே போவேன். பிடித்து வந்த பையன்களைக் காலை வணக்கக் கூட்டத்தில் நிறுத்தி, "படிக்கிற பெட்டி ஒண்ணு இருக்கு, கெடுக்கிற பெட்டி ஒண்ணு இருக்கு, எது வேணும்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க" என்று பேசுவேன். உங்களில் பலர் அதைக் கேட்டிருப்பீர்கள்.

அவர்களில் ஒரு பையன். ஒன்பதாம் வகுப்பு. தறி ஓட்டும் குடும்பம். அவன் அப்பா தீபாவளி போனசில் ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்திருந்தார். ஒருநாள் அவன் கணக்கு நோட்டைத் திருத்தும்போது பின் பக்கங்களில் கட்டம் கட்டமாக ஏதோ வரைந்திருந்தான். குறுக்கே 13, நெடுக்கே 13. ஒவ்வொரு கட்டத்துக்கும் எண். சிலவற்றில் குறுக்குக் கோடு, சிலவற்றில் புள்ளி. "என்னடா இது?" என்றேன். "டேங்க் கேம் சார்" என்றான். நான்கு பக்கத்தையும் கிழித்து அவன் கையிலேயே கொடுத்துக் குப்பையில் போடச் சொன்னேன். அப்பாவை வரவழைத்து, "இந்தப் பெட்டி வீட்ல இருக்கற வரைக்கும் உம் பையன் உருப்பட மாட்டான்" என்றும் சொன்னேன். அவர் எனக்கு எதிர்ப்பேச்சு பேசவில்லை. அந்த வாரமே பெட்டியை யாருக்கோ கொடுத்துவிட்டார்.

போன மாதம் எங்கள் வீட்டு டிவியில் அந்த டேங்க் ஆட்டம் வந்தது. 1985-ல் நாம்கோ நிறுவனம் வெளியிட்டது. அதில் விளையாடுவதற்கு முன் 'கட்டுமானம்' என்று ஒரு பகுதி இருக்கிறது. பேரன் அதைத் திறந்தான். வெற்றுத் திடல். எங்கே செங்கல் சுவர், எங்கே இரும்புச் சுவர், எங்கே தண்ணீர், எங்கே மரம் என்று நாமே கட்டம் கட்டமாக வைத்து நம் சொந்தக் களத்தை உருவாக்கலாம். எண்ணிப் பார்த்தேன். குறுக்கே 13. நெடுக்கே 13.

பெட்டியை அணைத்தால் கட்டியது எல்லாம் அழிந்துவிடும். சேமித்து வைக்க வழி இல்லை. அதனால்தான் அந்தப் பையன் தான் கட்டியதை நோட்டில் எழுதி வைத்திருக்கிறான். அச்சுத் தூரங்கள், குறியீடு, வரைபடம். அந்த ஆண்டு நான் கரும்பலகையில் நடத்திக்கொண்டிருந்த அதே பாடம். பாடத்தைச் செய்து காட்டிய ஒரே பையனின் நோட்டைக் கிழித்திருக்கிறேன். அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

விளையாட்டுப் பெட்டிக்குள் கணினிதான் இருக்கிறது என்பது செய்தவர்களுக்கு முதலிலிருந்தே தெரியும். 1984-லேயே நிண்டெண்டோ ஃபேமிகாமுக்கு ஒரு விசைப்பலகையும் பேசிக் மொழியும் சேர்த்து விற்றது. ஜப்பானியப் பிள்ளைகள் அதில் நிரல் எழுதி, பாட்டுக் கேட்கும் டேப்பில் பதிந்து வைத்தார்கள். சீனாவில் ஒருவர் இதை இன்னும் கெட்டிக்காரத்தனமாகப் பிடித்தார். அவர் பெயர் துவான் யோங்பிங். சுபோர் என்ற நிறுவனத்தை நடத்தியவர். அங்கேயும் நம்மைப் போலவே வாத்தியார்களும் பெற்றோரும் விளையாட்டுப் பெட்டியைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் ஃபேமிகாம் நகலோடு ஒரு விசைப்பலகையைச் சேர்த்து, அதற்குக் 'கற்றல் இயந்திரம்' என்று பெயர் வைத்தார். நடிகர் ஜாக்கி சானை வைத்து விளம்பரம் செய்தார். 'படிக்கிறேன்' என்று சொல்லிப் பிள்ளைகள் வாங்கினார்கள். தட்டச்சும் கற்றார்கள், கான்ட்ராவும் ஆடினார்கள். துவான் 1995-ல் வெளியேறி பி.பி.கே. என்ற புது நிறுவனம் தொடங்கினார். அதிலிருந்து கிளைத்தவைதான் ஓப்போவும் விவோவும். இந்தப் பதிவை நீங்கள் படிக்கிற போன் அந்த இரண்டில் ஒன்றாக இருந்தால், அதன் பூர்வீகம் நான் துரத்தியடித்த அந்த டிவி கேம் பெட்டிதான்.

அடுத்து நம் அரசு மடிக்கணினி. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். முதல்வர் ஜெயலலிதா திருவள்ளூர் மாவட்டத்தில் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். எல்காட் நிறுவனம் மொத்தமாகக் கொள்முதல் செய்தது. ஐந்தாண்டுகளில் 68 லட்சம் மாணவர்கள் என்பது அன்றைய இலக்கு. 2 ஜி.பி. நினைவகம், 320 ஜி.பி. வன்தட்டு. விண்டோசும் இருந்தது, பாஸ் லினக்சும் இருந்தது. பாஸ் என்பது சென்னையில் உள்ள சி-டாக் மையம் நம் நாட்டுக்கென்று உருவாக்கிய இயங்குதளம்.

அப்போதும் ஆசிரியர் அறையில் நாங்கள் பழைய பாட்டையே பாடினோம். "படம் பாக்கத்தான் வெச்சிருக்குதுங்க", "கேம் ஆடத்தான் ஆகுது" என்று. அதே மடிக்கணினியில் தட்டச்சு பழகி, படம் பார்த்து, கேம் ஆடி, விண்டோஸ் கெட்டுப்போனால் தானே ஏற்றிப் பழகிய பிள்ளைகள் இன்று எத்தனை பேர் பெங்களூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கிறீர்கள்! தறிக்கூடத்துக்கும் கரும்புக் காட்டுக்கும் நடுவே இருந்த வீடுகளில், 'தொட்டால் கெட்டுவிடும்' என்ற பயத்தை உடைத்தது அந்தப் பெட்டிதான்.

சரி, பழைய மடிக்கணினி எப்படி ஃபேமிகாம் ஆகிறது? என் மாணவர் உள்ளே எதையும் மாற்றவில்லை. முதலில் செத்த பேட்டரியைக் கழற்றினார். (உப்பிய பேட்டரியை யாரும் குத்தவோ அழுத்தவோ வேண்டாம், தீப்பிடிக்கும். குப்பையிலும் போடாதீர்கள், மின்னணுக் கழிவு எடுக்கும் இடத்தில் கொடுங்கள்.) சார்ஜரிலேயே நேரடியாக ஓடியது. காற்றாடியில் அடைத்திருந்த பஞ்சைத் தூரிகையால் எடுத்தார். பிறகு பேட்டோசெரா என்ற இலவச இயங்குதளத்தை ஒரு பென்டிரைவில் எழுதி, கணினி தொடங்கும்போது அதிலிருந்து தொடங்கச் செய்தார். வன்தட்டைத் தொடவே இல்லை. பென்டிரைவைப் பிடுங்கினால் பழைய மடிக்கணினி அப்படியே இருக்கும், தம்பி மகளின் பள்ளிப் படங்கள் உட்பட. டிவிக்கு ஒரு எச்.டி.எம்.ஐ. வயர், யு.எஸ்.பி.யில் சொருகும் இரண்டு கைப்பிடிகள், அவ்வளவுதான் செலவு.

பேட்டோசெராவும் லினக்ஸ்தான். பாசும் லினக்ஸ்தான். படிப்புக்கென்று அரசு கொடுத்ததும் விளையாட்டுக்கென்று இவர் போட்டதும் உள்ளே ஒரே கரு.

உள்ளே நடப்பதை நம் ஊர்த் தெருக்கூத்தை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். பகலில் காட்டு வேலை செய்கிறவர் ராத்திரி கட்டை கட்டி, முகத்தில் அரிதாரம் பூசித் துரியோதனனாக வருவார். விடிந்தால் பழைய ஆள்தான். எமுலேட்டர் என்பது அந்த வேஷம். 6502 சில்லுக்குத் தெரிந்த கட்டளைகள் மொத்தம் 56 வகை. 'இந்த எண்ணை எடு', 'அதோடு கூட்டு', 'அங்கே வை', 'பூச்சியமானால் இங்கே தாவு' என்று எல்லாமே சின்னச் சின்ன வேலைகள். எமுலேட்டர் ஒவ்வொரு கட்டளையாக வாங்கி, 6502 இருந்திருந்தால் என்ன செய்திருக்குமோ அதையே செய்கிறது. ஒரு வேலைக்குப் பல வேலை செய்ய வேண்டியிருப்பதால் வேஷம் கட்டும் கணினி வேகமானதாக இருக்க வேண்டும். எங்கள் மடிக்கணினி ஃபேமிகாமைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வேகம். மேரியோ ஆட்டம் முழுவதும் 40 கே.பி. தான். நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற ஒரு காலை வணக்கப் படத்துக்குள் அடங்கிவிடும்.

ஒரு இயந்திரம் இன்னொன்றின் வேஷத்தைக் கட்ட முடியும் என்று 1936-லேயே கணக்குப் போட்டுக் காட்டியவர் ஆலன் டூரிங். தகுந்த கட்டளைகளைக் கொடுத்தால், வேறு எந்தக் கணக்கிடும் இயந்திரம் செய்வதையும் ஒரே பொது இயந்திரம் செய்துவிடும் என்றார். அவருடைய அம்மா பிறந்தது நம் போத்தனூரில், 1881-ல். தாத்தா ஸ்டோனி மெட்ராஸ் ரயில்வேயின் தலைமைப் பொறியாளர். அப்பா மதராஸ் மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. சேலத்திலிருந்து கோவைக்கு ரயிலில் போகிறவர்கள் போத்தனூர் என்ற பெயரைக் கேட்டால் இனி அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

பேரனுக்கான பதிலும் டூரிங்கிடம்தான் கிடைத்தது. கணினிக்குத் தனக்கென்று ஒரு வேஷம் கிடையாது. 'படிக்கிற பெட்டி', 'கெடுக்கிற பெட்டி' என்று எழுதி ஒட்டியது நாம்தான். உள்ளே இருந்தது ஒன்றேதான்.

இதனால் பிள்ளைகள் எந்நேரமும் விளையாடட்டும் என்று நான் சொல்லவில்லை. பள்ளிக்கு மட்டம் போட்டது தப்புதான், அதற்கு நான் திட்டியதும் சரிதான். ஆனால் அந்தப் பையன் என்ன வரைகிறான் என்று ஐந்து நிமிடம் உட்கார்ந்து கேட்காமல் கிழித்தேனே, அது தப்பு.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எமுலேட்டர் இலவசம், வைத்துக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் மேரியோ, கான்ட்ரா போன்ற ஆட்டங்களுக்குக் காப்புரிமை இன்னும் இருக்கிறது. இணையத்தில் சும்மா கிடைக்கிறது என்பதற்காக அது நம்முடையது ஆகிவிடாது. இதே பழைய பெட்டிகளுக்கு இன்றும் புதிதாக ஆட்டம் எழுதி இலவசமாகக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவற்றிலிருந்து தொடங்குங்கள். நான் இதைச் சொன்னதும் என் மாணவர், "அன்னிக்கு நாம ஆடுன கேசட்டே டூப்ளிகேட்டுதான சார்" என்று சிரித்தார். வாத்தியார் வாயை அடைத்துவிட்டார்.

கடைசியாக, மன்னிப்பு. அந்த ஒன்பதாம் வகுப்புப் பையன் இப்போது இளம்பிள்ளைப் பக்கம் சேலைக்கு டிசைன் போடுகிறார். கட்டத்தாளில் கட்டம் கட்டமாகப் பூவும் மாங்காயும் வரைந்து பழகி, இப்போது கணினியில் செய்கிறார் என்று கேள்விப்பட்டேன். பெயர் சொல்லவில்லை. என் பதிவுகளுக்குத் தவறாமல் விருப்பம் போடுகிறவர், அதனால் இதையும் படிப்பார்.

தம்பி, அந்த நான்கு பக்கத்தையும் நான் கிழித்திருக்கக் கூடாது. உங்கள் அப்பாவிடம் அப்படிச் சொல்லியிருக்கவும் கூடாது. அவர் இருந்திருந்தால் அவரிடமே நேரில் சொல்லியிருப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு வீட்டுக்கு வாருங்கள். கைப்பிடி இரண்டு இருக்கிறது. என் பேரனுக்கு ஒரு களம் கட்டிக் காட்டுங்கள். கணக்கு நோட்டு நான் வாங்கி வைத்திருக்கிறேன், அணைப்பதற்கு முன் அதில் வரைந்து கொடுத்துவிட்டுப் போங்கள்.

மற்றவர்கள் உங்கள் வீட்டுப் பரணில் அரசு மடிக்கணினி இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். ஒருமுறை தூசி தட்டிப் பாருங்கள். உங்களுக்கு ஞாபகம் இருக்கிற ஆட்டங்களையும், என்னிடம் வாங்கிய அடிகளையும் கீழே எழுதுங்கள். அனைத்தையும் படிக்கிறேன்.

வாழ்க வளமுடன்.